பலகையில் எல்லாம் பச்சை

அந்த வெள்ளைப் பலகை மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டபோதே அதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். லோரியில் ஏற்றி வந்த இரண்டு பேரும் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், சுவரில் சுண்ணாம்பைப் பெயர்த்தார்கள். "பாஸ், இது ஏறாது பாஸ்" என்றார் ஒருவர், மூச்சு வாங்க. எங்கள் முதலாளி மேல்படியில் நின்றுகொண்டு, "போலே லா, போலே" என்று கையை ஆட்டினார். மலாயில் 'முடியும்' என்று அர்த்தம். நான் அங்கே வேலை பார்த்த காலமெல்லாம் என் காதில் அதிகம் விழுந்த சொல் அதுதான். முடிந்தாலும் போலே, முடியாவிட்டாலும் போலே. ஒரு மூலை நசுங்கி, பலகை ஒருவழியாக மேலே வந்து சேர்ந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒரு கை விரலுக்குச் சற்று மேலே இருந்தோம். கிள்ளானில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கு, தன் காகித வேலையையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்ற விரும்பியது. எந்த வியாபாரியின் சரக்கு எந்த இடத்தில் இருக்கிறது, எது வந்தது, எது போனது என்பதையெல்லாம் சொல்லும் ஒரு சிஸ்டம். அது எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை. முதலாளி அதற்குப் பிறகு நடையையே மாற்றிக்கொண்டார்.

நான் ஒப்பந்தத்தில் இருந்தேன். வருடா வருடம் புதுப்பிப்பார்கள், மனம் இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். ஒப்பந்தக்காரிக்குக் கழிவறைக் கதவுக்குப் பக்கத்து மேசை. கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் என் நாற்காலியில் இடிக்கும், நான் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும், உள்ளே போகிறவர் "சாரி மா" என்பார், வெளியே வரும்போது மறுபடியும் இடிப்பார். கிள்ளான் வேலை நல்லபடியாக முடிந்தால் என்னைப் பெர்மனன்ட் ஆக்கி, அந்த மேசையிலிருந்து எழுப்பி, ஜன்னல் பக்கம் உட்கார வைப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு அது வேண்டும். ரொம்பவும் வேண்டும். மறைப்பானேன்?

என்னைவிட என் அப்பாவுக்கு வேண்டும். அப்பா அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கால் காசானாலும் கவர்மெண்ட் காசு என்று நம்பி வாழ்ந்த தலைமுறை. கவர்மெண்ட் கிடைக்காத மகளுக்குப் பெர்மனன்டாவது கிடைக்கட்டும் என்று இறங்கி வந்திருந்தார். மாலையில் நான் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே, பத்திரிகைக்குப் பின்னாலிருந்து கேள்வி வரும்.

"பெர்மனன்ட் ஆச்சாம்மா?"

"இன்னும் இல்லப்பா."

"ஏனாம்?"

நின்றபடியே காரணம் சொல்வேன். அவர் கேட்டுக்கொள்வார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள்ளேயே நுழைய முடியும். எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும் நான் அவரிடம் உள்ளதை உள்ளபடியே சொல்லிவந்தேன்.

முதலாளி வெளிநாட்டில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த சரக்குதான் இந்தப் பலகை. காலையில் எல்லாரும் அதன் முன்னால் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எது வேலையைத் தடுக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. அட்டையின் மேல் ஒரு வட்டக் காந்தம். பச்சை என்றால் வேலை ஒழுங்காகப் போகிறது, மஞ்சள் என்றால் இழுக்கிறது, சிவப்பு என்றால் நின்றுவிட்டது. வாசலில் நுழைகிற யாரும் பலகையைப் பார்த்த மாத்திரத்தில் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இப்போது இதற்கு அஜைல் என்று பெயர் வைத்து, பாடம் நடத்தி, சான்றிதழ்கூடக் கொடுக்கிறார்கள். நாங்கள் அதை 'நிக்கிற மீட்டிங்' என்றோம்.

யோசனையில் குற்றமில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. யார் எங்கே தடுமாறுகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தால் ஒருவருக்கொருவர் கை கொடுக்கலாமே. முதல் நாள் முதலாளியும் அதைத்தான் சொன்னார்.

"இங்க யாரும் பயப்பட வேணாம். சிவப்பு வெச்சா நான் கோபப்பட மாட்டேன். ஹெல்ப்புக்கு வருவேன். எல்லாம் ஓப்பனா இருக்கணும், ஓகேயா?"

எல்லாரும் தலையாட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே ஆட்டினேன் போலிருக்கிறது.

அந்த வாரமே ஒருவர் சிவப்பு வைத்தார். எங்களில் மூத்தவர், கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து போகிறவர், அதனால் எங்களுக்குக் கிள்ளான் அண்ணன். கிடங்கின் பழைய அட்டைகளிலிருந்த விவரங்களைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றுவது அவர் வேலை. அந்த அட்டைகளைத் தமிழில் ஒருவர் எழுதியிருந்தார், மலாயில் ஒருவர், சீனத்தில் ஒருவர். பாதி கையெழுத்து எழுதினவருக்கே புரியாது. "பாஸ், இதுக்கு இன்னொரு ஆள் வேணும் பாஸ்" என்று அண்ணன் சிவப்புக் காந்தத்தை வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

ஹெல்ப்புக்கு வருவேன் என்ற மனிதர் வந்தார். "என்ன அண்ணே இது? ஸ்கூல் பையன் செய்யற வேலை. வயசாயிடுச்சா? முடியலன்னா சொல்லுங்க, வேற ஆள பாத்துக்கலாம்" என்றார். எங்கள் எல்லாருக்கும் முன்னால். அண்ணனுக்கு நரைத்த மீசை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், நாங்கள் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆளை நிற்கவைத்துத் திட்டுவது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் அண்ணனின் அட்டையில் பச்சை.

"எப்படிண்ணே ஒரே நாள்ல?" என்று காதருகே கேட்டேன்.

"வேலை முடியல லா. பாடம் முடிஞ்சிச்சு" என்றார்.

எல்லாருமே அந்தப் பாடத்தைப் படித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நிற்கிற மீட்டிங் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். சீனப் பெண் "கேன், பாஸ்" என்பாள். மலாய்ப் பையன் "போலே, பாஸ்" என்பான். நம்மவர்கள் "ஓகே பாஸ்" என்பார்கள். எது வேலையைத் தடுக்கிறது என்ற கேள்விக்கு எல்லாரும் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டுவார்கள். மூன்று மொழியிலும் ஒரே பொய். இந்த நாட்டில் இன ஒற்றுமை இல்லை என்று எவன் சொன்னது?

மீட்டிங் முடிந்ததும் எல்லாரும் கீழே இறங்குவோம். மாடிப்படிக்கு அடியில் ஒரு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் ஒருவரின் தேநீர்க் கடை. நாலு பிளாஸ்டிக் மேசை, ஒரு தகரக் கூரை. உண்மையான மீட்டிங் அங்கேதான், உட்கார்ந்தபடி நடக்கும். "என்னோடது ஹபிஸ் லா, அவ்வளவுதான், ஓடவே மாட்டேங்குது" என்பான் ஒருவன். "நேத்து சேவ் பண்ணதெல்லாம் காணோம்" என்பாள் சீனப் பெண், அவளுக்குத் தெரிந்த மலாயில். கிள்ளான் அண்ணன், இன்னும் எத்தனை பெட்டி அட்டை பிரிக்காமலே கிடக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார். யாருக்கு எங்கே உதவி வேண்டும் என்பதும் அங்கேதான் தெரியும், உதவியும் அங்கேதான் கிடைக்கும். தேநீர் ஆற்றுகிற மாமாவுக்கே எங்கள் வேலை நிலவரம் அத்துபடி. "என்ன தங்கச்சி, இன்னைக்காச்சும் ஓடுச்சா?" என்று என்னைக் கேட்பார்.

முதலாளி மட்டும் கீழே வரமாட்டார். அவருக்குத் தே தாரிக் பிளாஸ்டிக் பையில் கட்டி மேலே போகும். தேநீர் போகும், சேதி போகாது.

என் வேலை, சரக்கு வெளியேறும் பகுதி. லோரி கேட்டைத் தாண்ட வேண்டுமானால் என் புரோகிராம் ஒரு சீட்டை அச்சடித்துக் கொடுக்க வேண்டும். வேலை பாதி நடக்கும்போது ஒருநாள் கிடங்கைப் பார்க்கக் கிள்ளானுக்குப் போனேன். அங்கேதான் விஷயம் தெரிந்தது. வியாபாரிகள் சரக்கை ஒரே தடவையில் எடுப்பதில்லை. வெங்காயக்காரர் இன்றைக்கு நாற்பது மூட்டை எடுப்பார், மிச்சத்தை அடுத்த வாரம் எடுப்பார். காலங்காலமாக அப்படித்தான் நடக்கிறது. முதலாளி எங்களுக்குப் போட்டுக் கொடுத்த திட்டத்தில் அதற்கு இடமே இல்லை. பாதிச் சரக்கு வெளியே போனால், சிஸ்டம் முழுச் சரக்கும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும். அந்த இடம் காலி என்று காட்டும். காலி என்று காட்டினால் அடுத்தவன் சரக்கைக் கொண்டுவந்து அங்கே அடுக்குவார்கள். உள்ளே மிச்சமிருக்கிற வெங்காயம் என்ன ஆகும்?

திரும்பி வந்ததும் என் அட்டையில் சிவப்பு வைத்தேன். காலை மீட்டிங்கில் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னேன். அடிப்படையையே மாற்ற வேண்டும், இன்னும் அவகாசம் வேண்டும் என்றேன்.

"அது சின்ன விஷயம்மா. பச்சை வெச்சிடு, பொறவு பாக்கலாம்."

"சின்ன விஷயம்னா இப்பவே செய்ய விடுங்க பாஸ்."

சீனப் பெண் இருமினாள். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் ஜன்னல் பக்கத்து மேசை ஓர் அடி தள்ளிப் போனது. ஆனாலும் நான் காந்தத்தை மாற்றவில்லை. சிவப்பு அப்படியே இருந்தது.

கீழே வந்ததும் கிள்ளான் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் எனக்குக் கூடப்பிறக்காத அண்ணன் மாதிரி. கிள்ளான் பாசாரிலிருந்து முறுக்குப் பொட்டலம் வாங்கி வந்து என் மேசையில் வைப்பார். கழிவறைக் கதவில் துணியைச் சுற்றி, இடிக்கிற சத்தத்தைக் குறைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

"வாய அடக்கு லா. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நிக்கிற கான்ட்ரெக்ட்காரி நீ. ஊரோட ஒத்துப் போ."

"நான் சொன்னது தப்பாண்ணே?"

"தப்புன்னு எவன் சொன்னான்? நூத்துக்கு நூறு சரி. அதான் சொல்றேன், வாய அடக்கு."

கிடங்கின் மேலாளர் வேலையைப் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. நம்மவர்தான், வயதானவர், நாங்கள் அங்கிள் என்போம். அவர் வருவதற்கு முந்தின சாயங்காலம் முதலாளி பலகைக்கு முன் வந்து நின்றார்.

"நாளைக்கு ஒரு நாள் எல்லாத்தையும் பச்சையாக்கிடுங்க. போட்டோ எடுக்கப்போறோம். கல்யாண வீட்டுக்கு ஆள் வர்றப்போ அழுக்குத் துணிய வாசல்லயா காயப்போடுவாங்க? அவங்க போனதும் மாத்திக்கலாம்."

எல்லாரும் மளமளவென்று மாற்றினார்கள். நான் நகரவில்லை. "என்னோடது ஓடல பாஸ். நான் மாத்த மாட்டேன்" என்றேன்.

"சரி, நீ மாத்த வேணாம்" என்றார். நேராகப் பலகைக்குப் போனார். என் அட்டையிலிருந்த சிவப்புக் காந்தத்தைத் தன் கையாலேயே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு பச்சையை வைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிள்ளான் அண்ணன் எனக்கு அடுத்தாற்போல் நின்றிருந்தார், என் முழங்கையைத் தொட்டு, சும்மா இரு என்றார்.

மறுநாள் அங்கிள் வந்தார். சூடாகக் கறிபாப் பலகாரம் வந்தது, படம் பிடிக்க ஆள் வந்தார். அங்கிள் பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வந்த வேகத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்.

"எங்க ஆளுங்க சரக்கப் பாதி பாதியாதான் எடுப்பாங்க. இதுல அது ஓடுமா தம்பி?"

"போலே அங்கிள்! பாருங்க, எல்லாம் பச்சை" என்றார் முதலாளி.

நான் வாயைத் திறந்தேன். "அங்கிள், அது..." என்று ஆரம்பித்தேன். முதலாளி கறிபாப் தட்டைத் தூக்கி என் கையில் திணித்தார். "அங்கிளுக்குக் குடும்மா மொதல்ல. சூடு ஆறிடும். போட்டோ, போட்டோ, எல்லாரும் வாங்க!" எல்லாரும் நெருக்கியடித்து வந்து நின்றார்கள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. நான் ஓரத்தில், தட்டும் கையுமாக நின்றேன். அங்கிள் அடுத்த நிமிடமே முதலாளியின் அறைக்குள் அழைத்துப் போகப்பட்டார், கதவு சாத்தப்பட்டது.

அவங்க போனதும் மாத்திக்கலாம் என்றாரல்லவா? மறுநாள் காலையில் மாற்றுவதற்காகக் காந்தப் பெட்டியைத் திறந்தேன். பச்சை இருந்தது. மஞ்சள் ஒன்றிரண்டு இருந்தது. சிவப்பு ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் முதலாளி தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தார். நோய் இருக்கிறது என்று சொல்லத்தானே வாய் வேண்டும்? வாயையே எடுத்துவிட்டார் மகராசன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், மீட்டிங் நடக்கும்போதே என் நெற்றியிலிருந்த சிவப்பு ஒட்டுப்பொட்டைப் பிய்த்து எடுத்து, என் அட்டையில் பச்சைக் காந்தத்துக்கு மேல் ஒட்டினேன். "என்னோடது இன்னும் சிவப்புதான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியே சிரித்தார். "அட்டைக்குக் கல்யாணமாம்மா?" என்றார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் கிள்ளான் அண்ணன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கீழே இறங்கியதும் மாமாவிடம் அதை நடித்தே காட்டினார்.

சாயங்காலம் பார்த்தால் பொட்டைக் காணோம். மறுநாள் இன்னொன்று ஒட்டினேன். அதையும் காணோம். கீழே சேலைக் கடை வாசலில் ஓர் அட்டைப் பொட்டு வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் ஒன்று ஒட்டினேன். தினமும் யாரோ உரித்தார்கள். நெற்றியில் ஒன்று, வேலையில் ஒன்று. இதற்கிடையில் அந்தப் பாதிச் சரக்கு விஷயத்தைச் சரிசெய்யவும் முயன்றேன். ஆனால் அதற்குக் கிள்ளான் அண்ணனின் பகுதியையும் சேர்த்து மாற்ற வேண்டும். அண்ணன் பகுதிதான் பலகையில் எப்போதோ பச்சையாயிற்றே! முடிந்த வேலையை எதற்குத் தொடுகிறீர்கள் என்றுவிட்டார் முதலாளி.

அப்பாவிடம் இதையும் சொன்னேன். வழக்கம்போல வாசலில் நின்றபடி. அவர் பத்திரிகையை மடித்தார்.

"பெரியவங்க பச்சைன்னா பச்சை. உனக்கென்ன வந்துச்சு? பெர்மனன்ட் ஆகற வரைக்கும் பொறுத்துக்க மாட்டியா?"

முப்பது வருடத்துக்கும் மேல் அரசாங்கத்தில் இருந்தவர். எனக்கு அன்று அவர்மேலும் கோபம்.

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது கிடங்கு புதிய சிஸ்டத்துக்கு மாறியது. முதல் சில நாட்கள் எல்லாரும் கை குலுக்கிக்கொண்டார்கள். வியாபாரிகள் பண்டிகை வெங்காயத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள், பாதி எடுத்தார்கள், பாதியை விட்டுவைத்தார்கள். சிஸ்டம் நான் சொன்னதையே செய்தது. இடம் காலி என்றது. வந்த சரக்கையெல்லாம் பழைய மூட்டைகளுக்கு முன்னால் கூரை முட்ட அடுக்கினார்கள். மிச்ச வெங்காயத்தை எடுக்க வியாபாரிகள் லோரியோடு வந்தபோது, உங்கள் சரக்குத்தான் போய்விட்டதே என்றது கம்ப்யூட்டர். சீட்டு அச்சாகவில்லை. சீட்டு இல்லாமல் கேட் திறக்காது. லோரிகள் பெரிய சாலை வரை நின்றன. வியாபாரிகள் போட்ட சத்தத்தில் எந்த மொழியும் மிச்சமில்லை. முன் சரக்கை ஒருவழியாக நகர்த்தி உள்ளே போய்ப் பார்த்தபோது, வெங்காயம் முளைத்து, அழுகி, தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாற்றம் என் துணியில் வீடு வரை வந்தது.

அங்கிள் எங்களைக் கிள்ளானுக்குக் கூப்பிட்டார். முதலாளி, கிள்ளான் அண்ணன், நான். அங்கிளின் அறைச் சுவரில், முதலாளி கண்ணாடிச் சட்டம் போட்டுப் பரிசளித்த அந்தப் படம் தொங்கியது. பலகையில் எல்லாம் பச்சை. ஓரத்தில் நான், கையில் கறிபாப்.

அங்கிள் கத்தவில்லை. "நான் அன்னைக்கே கேட்டேனே தம்பி. பாதி சரக்கு ஓடுமான்னு கேட்டேனா இல்லையா?" என்றார்.

முதலாளி எழுந்துபோய்ப் படத்தில் விரலை வைத்தார். என் அட்டையின் மேல்.

"அங்கிள், நம்ம சிஸ்டமே ஓப்பன் சிஸ்டம். அவங்கவங்க வேலை நிலவரத்த அவங்கவங்கதான் வைப்பாங்க. இது இந்தப் பொண்ணோட அட்டை. பச்சை வெச்சிருக்கு. பச்சைன்னா முடிஞ்சிதுன்னுதானே நான் நம்புவேன்? ஓடலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா?"

நான் எழுந்துவிட்டேன். "பாஸ், நீங்கதான் மாத்துனீங்க! உங்க கையால மாத்துனீங்க. நான் அதுக்கப்புறமும் தினம் சிவப்பு வெச்சேன்."

"எங்க வெச்ச?"

"பொட்டு வெச்சேன். காந்தத்தையெல்லாம் நீங்க பூட்டி வெச்சிட்டீங்க, அதனால பொட்டு வெச்சேன்."

சொல்லும்போதே தெரிந்தது, அது எப்படிக் கேட்கிறது என்று. அங்கிள் என் நெற்றியைப் பார்த்தார். முதலாளி சிரிக்கவில்லை, இந்தத் தடவை வருத்தமாகத் தலையை ஆட்டினார். "பாத்தீங்களா அங்கிள்?" என்றார்.

நான் கிள்ளான் அண்ணன் பக்கம் திரும்பினேன். அங்கிளும் திரும்பினார். "நீங்க சீனியர். நீங்க சொல்லுங்க. அந்தப் பொண்ணு சொல்றது நெசமா? இவரா மாத்துனாரு?"

அண்ணன் மேசையின் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. முறுக்கு வாங்கித் தந்தவர், கதவில் துணி சுற்றியவர், என் முழங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றவர். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லுவார் என்று நான் சத்தியமாக நம்பினேன்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லைங்க" என்றார்.

அவ்வளவுதான். அங்கிள் படத்தைக் கழற்றிச் சுவரோடு திருப்பி வைத்தார். முதலாளி, சம்பந்தப்பட்டவர் இனி இந்த வேலையில் இருக்க மாட்டார் என்று வாக்குக் கொடுத்தார். சம்பந்தப்பட்டவர் நான். அலுவலகத்துக்கு வந்ததும், அந்த வாரத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது என்று முதலாளி அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "வாய் கொஞ்சம் கம்மியா இருந்தா நீ நல்லா வருவம்மா" என்று ஆசீர்வாதம் வேறு செய்தார். மேசையில் என் பொருளென்று ஒரு டம்ளரும் குடையும் இருந்தன. எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கீழே மாமாக் கடையில் எல்லாரும் இருந்தார்கள். நடுவில் கிள்ளான் அண்ணன். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு, உக்காரு. மாமா, தங்கச்சிக்கு ஒரு தே, இஞ்சி போட்டு" என்றார். பிறகு கடை முழுக்கக் கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"அந்த ஆள் செஞ்சது அநியாயம் லா! என் ரெண்டு கண்ணால பாத்தேன். அவந்தான் சிவப்ப எடுத்துப் பாக்கெட்டுல போட்டான். இந்தப் பொண்ணு தினம் பொட்டு ஒட்டுச்சு, அவந்தான் தினம் உரிச்சான். சாயங்காலம் எல்லாரும் போனதும் நகத்தால சுரண்டுவான், நான் பாத்திருக்கேன். பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல!"

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சீனப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா தேநீரை வைத்துவிட்டு, "ஆண்டவன் பாத்துக்குவான் தங்கச்சி" என்றார். என்ன ஞாபகசக்தி! எந்தப் பையில் போட்டார் என்பதுவரை சொல்கிறார் மனிதர்.

"இத அங்க சொல்லியிருக்கலாமேண்ணே" என்றேன்.

அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல என்னைப் பார்த்தார். "அங்கயா?" என்றார். "அங்க எப்படிம்மா சொல்றது? எனக்கு ரெண்டு பிள்ள இன்னும் படிக்குது. நீ சின்னப் பொண்ணு, வேற எடம் கெடைக்கும். நமக்குள்ள எல்லாருக்கும் உண்மை தெரியும்ல, அது போதாதா?"

அந்தத் தேநீரை நான் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவரோடு பேசவும் இல்லை. வருடங்கள் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன், "நல்லாருக்கியாம்மா?" என்று கையைப் பிடிக்க வந்தார். நான் சாப்பாட்டுப் பந்திப் பக்கம் நடந்துவிட்டேன். மன்னிக்கச் சொல்கிறவர்கள் மன்னித்துக்கொள்ளட்டும். முதலாளி பொய்யர் என்பது எனக்கு முதல் வாரமே தெரியும், அவர் என்னை ஏமாற்றவே இல்லை. என்னை ஏமாற்றியது அந்த மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு உண்மை பேசிய கூட்டம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். குடையை வாசலில் வைத்தேன். டம்ளரைப் பைக்குள் தள்ளினேன். செருப்பைக் கழற்றும் முன்பே பத்திரிகைக்குப் பின்னாலிருந்து அப்பா கேட்டார்.

"வேலையெல்லாம் எப்படிம்மா போவுது? பெர்மனன்ட் விஷயம் பேசுனியா?"

வழக்கமாக நிற்கிற இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். நேற்று என்ன, இன்று என்ன, எது தடுக்கிறது எல்லாம் தொண்டை வரை வந்தது.

"பேசிட்டேன்பா. எல்லாம் ஓகே. ஒரு பிரச்சினையும் இல்ல."

"நல்லது" என்றார் அப்பா. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு பத்திரிகையைத் தாழ்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தார்.